சட்டைப் பையில் ஃபியூஸ் கட்டை

தங்கையனின் சட்டைகள் எல்லாமே ஒரே இடத்தில்தான் கிழியும். இடது பக்கப் பையின் மேல் மூலைத் தையல். துணி உலர்த்தும்போதே அவர் மனைவி மலர்க்கொடி அதைப் பார்த்துவிடுவாள். கையில் அகப்பட்ட நூலைக் கோத்து நாலு தையல் போடுவாள். நீலச் சட்டைக்கு மஞ்சள் நூல், வெள்ளைச் சட்டைக்குக் கறுப்பு நூல். அந்த மூலையை மட்டும் பார்த்தால் பூச்சி கடித்து வீங்கியது போல இருக்கும்.

கிழித்தது ஃபியூஸ் கட்டை. எந்த வீட்டில் லைட் மாற்றப் போனாலும் தங்கையன் முதலில் மீட்டர் பெட்டிக்குத்தான் போவார். மெயினை அணைப்பார். மற்ற வயர்மேன்கள் அதோடு விட்டுவிடுவார்கள். இவர் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஏணியில் ஏறும்போதும் குனியும்போதும் அவை நெஞ்சில் மோதி ஆடும். புது அடுக்குமாடி வீடுகளில் பிடுங்குவதற்குக் கட்டை இருக்காது. அங்கே சின்னச் சின்ன சுவிட்சுகளைக் கீழே தள்ளி, யாரும் தூக்கிவிடாதபடி மேலே இரண்டு சுற்று டேப் ஒட்டிவிடுவார்.

"என்ன தங்கையா, நாங்க என்ன திருட்டுத்தனமா போட்டுடவா போறோம்?" என்று வீட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள்.

"நீங்க போட மாட்டீங்க. ஃபேன் சுத்தலையேன்னு யாராச்சும் வந்து போடுவாங்க" என்பார்.

சில நாள் மறந்துபோய்ப் பையோடு உறையூரிலிருக்கும் தன் வீட்டுக்கே வந்துவிடுவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது சுவரில் டொக்கென்று சத்தம் கேட்கும். "ஐயையோ" என்று சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்து மொபெட்டை உதைப்பார். அதற்குள் போன் வந்துவிடும். "யம்மாடி, உங்கப்பா எங்க வீட்டு வெளிச்சத்தைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரும்மா."

அவருடைய ஒரே மகள் யமுனா எட்டாம் வகுப்பிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள். எட்டாம் வகுப்புக்கு முன்னால் அந்தப் பையில் என்ன இருந்தது என்று அவள் யோசித்ததே இல்லை.

தங்கையனுக்குப் பச்சைமலை அடிவாரத்தில் ஓர் ஊர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினேழு வயதில் திருச்சிக்கு வந்து, கைலாசபுரம் குடியிருப்பில் காண்ட்ராக்ட் எடுத்திருந்த அற்புதசாமி என்பவரிடம் கையாளாகச் சேர்ந்தார். அங்கே நூறு வீட்டுக்கும் ஒரே மாதிரி வயரிங். சிவப்பு என்றால் கரண்ட் வரும் வயர், கறுப்பு என்றால் அது திரும்பிப் போகும் வயர், பச்சை என்றால் எர்த். "அந்தக் குவார்ட்டர்ஸ்ல வயர் பொய் சொல்லாது" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். காண்ட்ராக்ட் முடிந்ததும் சொந்தமாக வேலைக்குப் போகத் தொடங்கினார். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் அவருக்குப் பழகின. அங்கே ஒரே சுவருக்குள் மூன்று காலத்து வயர் இருக்கும், மூன்று பேர் புத்தி இருக்கும். லைசென்ஸ் மட்டும் அவர் வாங்கவில்லை. பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். பேனாவைக் கண்டால் அவருக்குக் கை வியர்க்கும்.

அதற்குப் பதிலாக மகளைப் படிக்க வைத்தார். யமுனா எலெக்ட்ரிகல் பி.இ. சேர்ந்தபோது முதல் பட்டதாரி சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசில் ஆறு நாள் நின்றது அவர்தான். "எங்க பரம்பரைல யாரும் காலேஜ் வாசல் மிதிச்சதில்லைன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. அதுக்கு ஒரு சர்டிபிகேட்டு பாரேன்" என்று சிரித்தார். ஆனால் வீட்டில் ஒரு பல்பை மாற்றக்கூட அவளை விட்டதில்லை. "நீ தள்ளு. நீ பேப்பர்ல போடு, போதும்."

அவளும் பேப்பரில்தான் போட்டாள். பட்டம் வாங்கி இரண்டு வருடமாகியும் பேப்பர்தான். காலையில் போட்டித் தேர்வுக்குப் படிப்பு, மதியத்துக்கு மேல் தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிக்கும் வேலை. மின்மாற்றியின் இழப்புகளைக் கணக்குப் போடத் தெரியும். வீட்டு டியூப்லைட்டில் எத்தனை வயர் போகிறது என்று ஒருமுறை அம்மா கேட்டபோது, ஒரு விநாடி தாமதித்துத்தான் பதில் சொன்னாள். அந்த ஒரு விநாடி அவளை வெகுநாள் உறுத்தியது.

போன தை மாதம், காலை டீயைக் கையில் வைத்துக்கொண்டே தங்கையன் சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஆடிப்பெருக்குக் கூட்டம் ஓய்ந்த மறுவாரம் அவருடைய போன் அடித்தது. அந்த போனை யமுனாதான் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டுப் பக்கத்துச் சந்திலிருந்து பிரேமலதா. துக்கத்துக்கு வந்துபோன பெண்தான். புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் குடும்பம் நடத்துபவள்.

"யமுனா, கூடத்து டியூப்லைட் படபடன்னு அடிச்சுட்டு ஒரு தீஞ்ச வாடை வந்துச்சும்மா. அப்படியே அணைச்சு வெச்சிருக்கேன். வேற ஆளைக் கூப்பிட மனசு வரலை. நீயும் கரண்ட்தானே படிச்சிருக்க?"

யமுனா போனைக் கையால் மூடிக்கொண்டு அம்மாவிடம் பிரேமலதாவின் பெயரைச் சொன்னாள். மலர்க்கொடி அரிசி களைந்துகொண்டிருந்தாள். பெயரைக் கேட்டதும் கை நின்றது.

"அந்த வீடா? போயிட்டு வா. அந்த வீட்டுக்கு மட்டும் உங்கப்பா முடியாதுன்னு சொன்னதே இல்லை. கூலி குடுத்தா வாங்கிடாத."

"ஏம்மா?"

"வாங்க மாட்டார். அவ்வளவுதான்" என்று மறுபடி களைய ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ரெக்சின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யமுனா சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினாள். வழியில் கடையில் ஒரு எல்.இ.டி. பட்டி லைட்டும் இரண்டு பிளாஸ்டிக் கனெக்டரும் வாங்கியிருந்தாள். பாலத்தைக் கடக்கும்போது மடியிலிருந்த லைட் டப்பாவின் மேல் உள்ளங்கை ஈரமாகப் பதிந்தது. கல்லூரி லேபில் தப்பு செய்தால் தானாக ட்ரிப் ஆகிக் கரண்ட் நின்றுவிடும், பக்கத்தில் ஒரு உதவியாளர் நிற்பார். இங்கே ஒரு வீடு இருக்கிறது, அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள்.

வாசலில் பிரேமலதாவின் கணவர் சிவசங்கர் நின்றிருந்தார். அறுபதை நெருங்குகிற ஆள். வலது கை முழங்கைக்குக் கீழே சற்றுத் திரும்பி, விரல்கள் பாதி மடங்கியே இருந்தன. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு பெரிய துணிக்கடையில் இருபது வருடம் துணி அளந்து கிழித்துக் கொடுத்தவர். பதினொரு வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில் லைட் மாற்ற ஸ்டூலில் ஏறி, ஷாக் அடித்து விழுந்தார் என்பது யமுனாவுக்குத் தெரியும். அதற்கப்புறம் கடையில் செருப்பு டோக்கன் கொடுக்கப் போட்டார்கள். இரண்டு வருடத்தில் அவரே நின்றுவிட்டார்.

"வாம்மா இன்ஜினியர்" என்றார்.

யமுனா நேராக மீட்டர் பெட்டிக்குப் போனாள். அதற்கு முன்னால் அப்பாவின் டெஸ்டரை ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்தாள். சிவப்பாக எரிந்தது. டெஸ்டர் நல்லதுதானா என்று தெரியாமல் அதை நம்பக் கூடாது, இது புத்தகத்திலும் இருந்தது. மெயினை அணைத்தாள். இரண்டு ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கினாள். கை தானாக மார்புப் பக்கம் போனது. சுடிதாரில் பை இல்லை.

பிரேமலதா சிரித்துவிட்டாள். "உங்கப்பா சட்டை ஒண்ணைப் போட்டுக்கிட்டு வந்திருக்கலாமில்ல?"

யமுனாவும் சிரித்துக்கொண்டே துப்பட்டா நுனியில் இரண்டையும் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

ஏணியை விரித்துப் பழைய டியூப்லைட் பட்டியின் மூடியைத் திறந்தாள். இரண்டு வயரிலும் டெஸ்டரை வைத்தாள். இரண்டிலும் எரியவில்லை. அப்புறம்தான் விரலால் தொட்டாள். இரண்டுமே சிவப்பு வயர். ஹோல்டர் ஒன்று உருகிக் கறுத்திருந்தது. பட்டியைக் கழற்றிக் கீழே கொடுத்தாள். கருகிய நுனிகளை வெட்டி, புதுச் செம்பு தெரியும்வரை உறை நீக்கி முறுக்கினாள்.

எது கரண்ட் வரும் வயர், எது திரும்பும் வயர்? இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் வழி. ஏணியிலிருந்து இறங்கி சுவிட்ச் பெட்டியின் பலகையைத் திருகாணி கழற்றித் திறந்தாள்.

உள்ளேயும் எல்லாம் சிவப்பு. "ஏன் ஆன்ட்டி, ஒரே கலர்ல போட்டிருக்கு?" என்றாள்.

"அது இவர் விழறதுக்கு முன்னாடி வந்த வைகுண்ட ஏகாதசி அவசரம்மா" என்றாள் பிரேமலதா. "ஊர்லேர்ந்து என் அண்ணன் குடும்பம், இவர் அக்கா எல்லாரும் தங்க வராங்க. கூடத்துல வயர் தீஞ்சு போய் ரெண்டு நாளா இருட்டு. கடைல கறுப்பு வயர் தீந்துபோச்சுன்னு உங்கப்பா ரெண்டு சுருளும் சிவப்பாவே வாங்கிட்டு வந்தார். சாயங்காலத்துக்குள்ள லைட்டு எரிஞ்சே ஆகணும்னு நான் தலைமேல நின்னேன். எரிஞ்சுது. எல்லாரும் கை தட்டினோம்."

எரிந்ததும் எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். வயர் எப்படி மாறியிருந்தாலும் லைட் எரியும். அதுதான் இதில் உள்ள ஆபத்து.

யமுனா பெட்டிக்குள் உற்றுப் பார்த்தாள். மீட்டர் பக்கமிருந்து இரண்டு வயர் வந்தது, லைட்டுக்கு இரண்டு வயர் போனது. வருகிற கரண்ட் வயர் சுவிட்ச் வழியாகத்தான் லைட்டுக்குப் போக வேண்டும். போனது. ஆனால் நேராகப் போகவில்லை. அந்த வயர் சுவிட்சுக்கு எட்டாமல் குட்டையாக நின்றது. அதன் நுனியில் ஒரு சாண் பச்சை வயரை ஒட்டுப் போட்டு நீட்டி, டேப் சுற்றி, சுவிட்சில் முடுக்கியிருந்தது. அடுத்த வயரில், திரும்பிப் போகிற வயரில், சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துப் பார்த்தாள். முறுக்கிய நுனியில் திருகாணி நசுக்கிய தட்டையான தடம் இருந்தது. ஒரு காலத்தில் சுவிட்சுக்குள் இருந்த வயர் அது.

பரீட்சைத் தாளில் இந்தப் படத்தைக் கொடுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் விடை எழுதியிருப்பாள். இப்போது விடை தெரிந்தும் நம்ப முடியாமல் நின்றாள். முதலில் சுவிட்ச் தப்பான வயரில் இருந்திருக்கிறது. அணைத்தால் லைட் அணையும், ஆனால் கரண்ட் மேலே ஹோல்டரிலேயே காத்துக்கொண்டிருக்கும். பிற்பாடு ஒருவர் பெட்டியைத் திறந்து சரியாக மாற்றியிருக்கிறார். அந்த டேப் சுற்றிய விதம் அவளுக்குத் தெரியும். கடைசிச் சுற்றை இழுத்து அறுக்காமல் கத்தரியால் வெட்டி, நுனியை உள்ளே மடித்து ஒட்டுவது அப்பாவின் பழக்கம்.

"சார்" என்று திரும்பினாள். "நீங்க விழுந்தப்ப சுவிட்சை அணைச்சிருந்தீங்களா?"

சமையலறையிலிருந்து பிரேமலதாவின் சிரிப்பு கேட்டது. "அதை ஏம்மா கேக்குற? எங்க வீட்ல அது பெரிய கதை. அணைச்சேன் அணைச்சேன்னு ஆஸ்பத்திரிலேர்ந்து சாதிச்சார். வீட்டுக்கு வந்ததும் என் அண்ணன் ஜெயக்குமார் டெஸ்டர் வெச்சுக் காமிச்சுட்டார். அணைச்சா அணையுது, கரண்டே இல்லை. அன்னிலேர்ந்து எங்க சொந்தத்துல இவர் பேரே அதான். 'மாப்ள அணைச்சா அணைச்ச மாதிரிதான்'னு. கேஸ் அணைச்சேன்னு சொன்னாக்கூட நான் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டுத்தான் தூங்குவேன்."

"அதுக்கு முன்னாடியே உங்கப்பா வந்து பார்த்தார்" என்றார் சிவசங்கர் மெதுவாக. "நான் ஆஸ்பத்திரில கிடக்கேன். சின்னப் பசங்க வந்து போற வீடாச்சே, பாத்துடுங்கன்னு இவ சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டு வந்தா. அவர் வந்து பாத்துட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போனார்."

அப்பா பொய் சொல்லவில்லை. அவர் சொன்னபோது எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

"நீங்க அணைச்சீங்களா சார்?"

சிவசங்கர் மடங்கிய விரல்களை இடது கையால் நீவிக்கொண்டார். "அப்பல்லாம் அணைச்சேன்னு சத்தியம் பண்ணுவேன். இப்பக் கேட்டா... இல்லம்மா. போட்டுட்டே ஏறியிருப்பேன். எனக்கு அப்படி மறதி உண்டு."

இதற்குள் இரண்டு முறை அவர் கூடத்தைக் கடந்து போனதை யமுனா கவனித்திருந்தாள். இரண்டு முறையும் மின்சாரமே இல்லாத வீட்டில், ஃபேன் சுவிட்சைத் தொட்டு, "அணைச்சாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

யமுனா ஏணியில் ஏறினாள். அவரே மறதி என்று ஒப்புக்கொண்டுவிட்டார். பதினொரு வருடம் ஓடிவிட்டது. அப்பா படத்துக்குப் போட்ட மாலை இன்னும் உதிர்ந்து தீரவில்லை. வேலையை முடித்துக் கிளம்பினால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. கை தன் வேலையைச் செய்தது. புதுப் பட்டியின் கிளிப்புகளைச் சுவரில் முடுக்கினாள். கனெக்டரில் கரண்ட் வயரை அதற்குரிய துளையில், திரும்பும் வயரை அதற்குரிய துளையில் விட்டுத் திருகினாள். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். ஒன்று கழன்று வந்தது. திருகாணி செம்பைப் பிடிக்காமல் உறையைக் கடித்திருந்தது. மறுபடி உறை நீக்கி, முறுக்கி, முடுக்கி, இழுத்தாள். வெளியே செம்பு ஒரு மயிரிழைகூடத் தெரியவில்லை. லைட்டின் கனம் வயரில் தொங்காதபடி கிளிப்பில் அழுத்தினாள். இறங்கி வந்து சுவிட்ச் பெட்டியில் பிரித்த ஒட்டுக்குப் புது டேப் சுற்றினாள். பச்சை வயரை மட்டும் அப்படியே விட்டாள். பலகையை இன்னும் மூடவில்லை.

துப்பட்டாவை அவிழ்த்து ஃபியூஸ் கட்டைகளைச் செருகி மெயினைப் போட்டாள். கூடத்தில் பால் போல வெளிச்சம் பரவியது. பிரேமலதா கை தட்டினாள். யமுனா உடனே சுவிட்சை அணைத்து, ஏணியில் ஏறி, கனெக்டரில் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். எரியவில்லை. அப்பா அன்று செய்யாமல் விட்டது இந்த ஒன்றுதான். கால் நிமிட வேலை.

பிரேமலதா மூன்று நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினாள். "உங்கப்பாதான் பிடிவாதமா வாங்க மாட்டார். நீ படிச்ச பொண்ணு, வாங்கிக்கணும்."

"வேணாம் ஆன்ட்டி."

"அட, நீயுமா? அப்படி என்னதான் எங்ககிட்ட கடன்பட்டுட்டீங்க அப்பாவும் பொண்ணும்?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். யமுனா திறந்திருந்த சுவிட்ச் பெட்டிக்குள் கை காட்டி, அந்தப் பச்சைத் துண்டு ஏன் அங்கே இருக்கிறது என்று ஆரம்பித்தாள். முதலில் குழப்பிச் சொன்னாள். கல்லூரி வார்த்தைகள் வந்து விழுந்தன. நிறுத்தி, மறுபடி சாதாரணமாகச் சொன்னாள். அணைத்தாலும் மேலே கரண்ட் இருந்திருக்கும், சார் அணைத்துவிட்டுத்தான் ஏறியிருக்கிறார், அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அது சரி செய்யப்பட்டுவிட்டது, அதனால்தான் ஜெயக்குமார் பார்த்தபோது டெஸ்டர் எரியவில்லை.

சிவசங்கர் பெட்டிக்கு அருகே வந்து குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப நான் அணைச்சேனா?"

"அணைச்சீங்க சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லு. அணைச்சேனா?"

"அணைச்சீங்க."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா இது?"

தெரியாது என்று சொல்ல ஒரு விநாடி இருந்தது. "தெரியும் சார். மாத்தினதே அவர்தான்."

பிரேமலதா நோட்டுகளைக் கசக்கிப் பிடித்தபடி நின்றாள். "என் கையால எத்தனை காபி வாங்கிக் குடிச்சிருப்பார்" என்றாள். "இவரை நான் அவர் எதிர்ல எப்படியெல்லாம் ஏசியிருக்கேன். டம்ளரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பார். ஐயோ." அவள் கணவரைப் பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டாள். சமையலறையில் தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது.

சிவசங்கர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "கூலி வாங்காம வேலை செஞ்சா சரியாப் போச்சுன்னு நினைச்சுட்டார் போல. கை போனது போச்சும்மா, அது யாருக்கும் வரும். 'சார், நீங்க அணைச்சீங்க'ன்னு ஒரு வார்த்தை. எனக்குத் தேவை அதுதான்."

"நான் சொல்றேன் சார். அதுக்காகத்தான்..."

"எங்கிட்ட சொல்லிட்ட. ஆவணில ஜெயக்குமார் கே.கே. நகர்ல வீடு கட்டிக் குடி போறான். சொந்தமெல்லாம் வரும். புது வீடு, புது சுவிட்ச். 'மாப்ளைய சுவிட்ச் பக்கம் விடாதீங்கடா'ன்னு கண்டிப்பா ஒருத்தன் ஆரம்பிப்பான். அங்க வந்து இதைச் சொல்றியா? இவ சொன்னா, புருஷனுக்குப் பரிஞ்சு பேசறான்னு சிரிப்பாங்க. நான் சொன்னா கேக்கவே வேணாம். வயர் போட்டவர் வீட்லேர்ந்து வந்து சொல்லணும். சொல்றியாம்மா?"

"வரேன் சார்" என்றாள் யமுனா.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். மலர்க்கொடி ஆச்சரியப்படவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டாள்.

"அன்னிக்கு வந்து சோறு தொடலை உங்கப்பா. எம்மேல தப்பு மலரு, போய்ச் சொல்லிடறேன்னு சட்டையை மாட்டினார். நான்தான் வாசல்ல குறுக்க நின்னேன். லைசென்ஸ் இல்லாத ஆளு. போலீசு, கேசுன்னு போனா நீ எட்டாவது படிக்கற புள்ளை, நாம எங்க போறது? அப்பறம் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவங்க வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸோட கிளம்பறப்ப, இந்த வாட்டி சொல்லிடுவேன்னு சொல்லிட்டுத்தான் போவார். திரும்பி வந்து மூஞ்சியைத் திருப்பிக்குவார். நான் கேக்க மாட்டேன்."

"ஃபியூஸ் கட்டையைப் பாக்கெட்ல போட ஆரம்பிச்சது?"

"அந்த வருஷந்தான்."

"அவங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாச்சில்ல. அது போதும்டி" என்றாள் மலர்க்கொடி. "நூறு பேர் நடுவுல செத்த மனுஷனை நிக்க வெச்சுக் குத்தம் படிக்கப் போறியா? அவர் பதில் சொல்ல வருவாரா?"

கிரகப்பிரவேசப் பத்திரிகை தபாலில் வந்தது. உறையின் மேல் இடது கையால் எழுதிய கோணல் எழுத்தில் யமுனாவின் பெயர், பெயருக்குப் பின்னால் பி.இ. ஆவணி மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை ஏழரையிலிருந்து ஒன்பது.

அந்த ஞாயிறு யமுனா விடிந்ததும் குளித்து, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சொல்ல வேண்டியதைத் துண்டுத்தாளில் நான்கு வரியாக எழுதி வைத்திருந்தாள். கே.கே. நகர் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. நாலாவது வரியில் அப்பாவின் பெயர் இருந்தது. அதை விட்டுவிட்டு, முன்னாடி வயர் போட்டவர் என்று மாற்றிப் பார்த்தாள். அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அப்பா பேசாமல் இருந்தது அவளுடைய படிப்புக்காக. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அவள் இப்போது யாருக்காகப் பேசாமல் நிற்கிறாள்? அப்பாவுக்காகவா, முதல் பட்டதாரி என்று தன்னைச் சொல்லும் உறவினர்களுக்காகவா? அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மூன்றாவது பஸ்ஸும் போனது. ஒன்பது மணி தாண்டியதும் வீட்டுக்குத் திரும்பினாள். மலர்க்கொடி ஒன்றும் கேட்காமல் இட்லி வைத்தாள். தங்கையனிடம் கேட்காமல் இருந்தது போலவே.

அன்று மதியம் அப்பாவின் போன் ஒருமுறை அடித்தது. பிரேமலதா. யமுனா எடுப்பதற்குள் நின்றுவிட்டது. அவள் திரும்பக் கூப்பிடவில்லை, அவர்களும் மறுபடி கூப்பிடவில்லை. கே.கே. நகரில் அன்று யாராவது அந்தக் கேலியை ஆரம்பித்தார்களா, சிவசங்கர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா என்பது அவளுக்குத் தெரியாது.

இந்த ஐப்பசியில் தீபாவளி வந்தது. மலர்க்கொடி வழக்கம் போல ஸ்ரீரங்கத்துக்கும் சேர்த்து ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிவிட்டாள். பண்டிகை முடிந்து ஒரு வாரமாகியும் அது அலமாரியில், தங்கையனின் மடித்த சட்டைகளுக்குப் பக்கத்தில், கயிறு அவிழ்க்காமல் இருக்கிறது.